வீங்கிய கன்னமும் அரசாங்கக் காப்பீடும்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைவாய்ப்பல் வலியில் கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியவில்லை. அவ்வளவுதான், பயப்படாதே.

எல்லாருக்கும் அரசாங்கமே மருத்துவக் காப்பீடு கொடுக்கலாமா என்று இங்கே ஒரே சண்டை. அது முழுக்க எங்கள் சலூனுக்குள்தான் நடக்கிறது! நேற்று ஒரு டாக்சிக்காரருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"வரி வாங்குறாங்கல்ல, வைத்தியமும் அவங்களே பாக்கட்டும். என்னப்பா சொல்ற?"

"ம்" என்றேன்.

சவரத்துக்குக் காத்திருந்த மளிகைக்கடைக்காரர் எகிறினார். "ஊரான் உடம்புக்கு நான் எதுக்கு அழணும்? நீயே சொல்லு!"

அவருக்கும் "ம்"தான். வேறென்ன வரும் இந்த வாயில்?

"தம்பி நம்ம பக்கம்" என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள். டாக்சிக்காரர் தலையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் ஒரு பக்கக் கிருதா காணாமல் போனது. திட்டு எனக்கு. எதிரே இத்தனை பெரிய கண்ணாடி; என் கன்னம் மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. யார் ஜெயித்தாலும் என்னைப் போல வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவனுக்கு அந்தக் காப்பீடு கிடையாதாம். முதலாளி சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் கிராம்பு கொடுத்தனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான், இருந்தாலும் நீ மடித்து அனுப்பு.

முதலாளி கூப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே பேசு, நான் "ம்" கொட்டுகிறேன். எடுத்தவுடன் கன்னம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடு.

உன் வீட்டுக்காரன்