ஜெபத்தில் மட்டும் போகும் வைஃபை

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜோசலினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், வைஃபையும் நேற்றிலிருந்து சுகம். அங்கே ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீ சுகமாயிருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறோம். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எப்படிச் சொல்வது? அதனால் கையால் எழுதி, மாடியில் குடியிருக்கும் ஸ்டெபினிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படிக்க மாட்டேன் அங்கிள் என்றான், படித்திருப்பான்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக ஞாயிறு சாயங்காலம் நீ வீடியோவில் வந்து, அரட்டையெல்லாம் முடிந்து, அம்மா ஜெபம் செய்து கண் திறக்கும்போது நீ இருக்க மாட்டாய். நெட் போச்சு என்று நீ மெசேஜ் அனுப்பியதை அம்மா நம்பவில்லை. ஊர்க்கதை பேசும்போதெல்லாம் போகாத நெட் ஜெபத்தில் மட்டும் எப்படிப் போகும் என்று கேட்டாள். 'அவளுக்கு ஜெபம் கசக்குது, அதான் கட் பண்றா, வாயத் தொறந்து சொல்லிட்டுப் போகட்டுமே' என்று அழுதாள். அன்றிலிருந்து வீட்டில் தினமும் ரசமும் அப்பளமும்தான், நிலைமையைப் புரிந்துகொள்.

எனக்கு உன்மேல் சந்தேகமில்லை, நீ வாங்கி அனுப்பினாயே மூன்று வெள்ளை டப்பா, அவற்றின் மேல்தான். வாசல் அறையில் லைன் வருகிற டப்பா, ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, ஒன்றிடம் வாங்கி இன்னொன்று தரும் என்றாய். ஸ்டெபின் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனாயிற்றே என்று கூப்பிட்டேன். வந்து பார்த்து, 'இரும்பு பீரோ நடுவுல நின்னா சிக்னல் எப்படி வரும் அங்கிள்' என்றான். அம்மாவின் கல்யாண பீரோவை இரண்டு பேரும் இடுப்பொடிய நகர்த்தினோம், அடியில் உன் பத்தாம் வகுப்பு ஜியாமெட்ரி பாக்ஸ் கிடைத்தது, நெட் கிடைக்கவில்லை. ஹால் டப்பாவுக்கு அம்மா நூலில் பின்னிப் போட்டிருந்த குரோஷா உறையைக் கழற்றினோம், மேலிருந்த பூச்சாடியை எடுத்தோம், எல்லாவற்றையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம். நான் எப்போது போய்ப் பார்த்தாலும் மூன்றிலும் விளக்கு சமர்த்தாக எரியும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி.

போன ஞாயிறு அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள், இன்னைக்கும் கட் பண்ணா இனிமே நான் அவளைக் கூப்பிடவே மாட்டேன் என்று. அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும், கீழ்க்கட்டளையில் இருக்கும் உன் சித்தியோடு ஒரு கல்யாணப் பந்தி விஷயத்துக்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவள். அதனால் அன்றைக்கு ஜெபத்தில் நான் கண்ணை மூடவில்லை. சின்ன வயதில் இதே குற்றத்துக்கு உன் தலையில் குட்டியவன் நான், போகட்டும். அம்மா எழுந்து முதலில் டிவியை அணைத்தாள். ரிமோட்டில் இல்லை, சுவர் சுவிட்சில். ரிமோட்டில் அணைத்தால் அந்தச் சிவப்புப் பொட்டு எரியும், ஜெப நேரத்தில் டிவி ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அவள் கண்ணை மூடினாள், ஹால் டப்பாவும் கண்ணை மூடிக்கொண்டது. அதுவும் அந்த டிவி சுவிட்சில்தான் ஓடுகிறது! போன் தூரத்து டப்பாவைத் தேடித் தடுமாறியது, நீ சிலையாக நின்றாய், பிறகு காணாமல் போனாய். நடு ஜெபத்தில் குறுக்கே பேச எனக்குத் தைரியமில்லை. ஆமென் சொல்லிக் கண் திறந்தவள், உன்னைக் காணாமல் நேரே போய் டிவி சுவிட்சைப் போட்டாள், டப்பாவுக்கும் உயிர் வந்துவிட்டது.

எடுத்துச் சொன்னால் மகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றாள். நேற்று ஸ்டெபினை மாடியிலிருந்து, அவன் வீட்டு நெட்டில், வீடியோவில் கூப்பிடச் சொன்னேன். அம்மா கையாலேயே சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அவன் திரையில் வாயைப் பிளந்தபடி உறைந்தான். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், அப்படியே அழுதுவிட்டாள். 'எம் பொண்ணு கட் பண்ணல, நானே என் கையால கட் பண்ணியிருக்கேன்' என்றாள். பிறகு ஒன்று சொன்னாள், அதற்காகத்தான் இந்தக் கடிதம். அவள் ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு, சபை, போதகர் ஐயா, சித்தியின் முட்டிவலி, ஸ்டெபினுக்கு நல்ல இடத்தில் பெண், கடைசியில்தான் நீ. 'டப்பா வந்த நாள்லேர்ந்து அவளுக்காக நான் கேட்டது ஒண்ணுகூட அவ காதுல விழலியேங்க' என்றாள்.

இப்போது ஹால் டப்பாவுக்கு ஃப்ரிட்ஜ் சுவிட்சிலிருந்து நீள ஒயர் இழுத்திருக்கிறோம். அம்மா கை வைக்காத சுவிட்ச் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

நீ வேளைக்குச் சாப்பிடு, பிரெட்டிலேயே காலத்தை ஓட்டாதே, காலுறை போடாமல் தரையில் நடக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, கூப்பிட்டால் ஆமென் வரைக்கும் இரு. நான் கண்ணைத் திறந்து டப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். நீயும் கடைசியில் கொஞ்சம் கண்ணைத் திற, குட்ட மாட்டேன். உன் பெயர் வரும்போது அம்மாவின் முகத்தைப் பார்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அப்பா
அசரியா