இரண்டாவது மாவிளக்கு

அக்கா,

பக்கத்து வீட்டுப் பெண் இன்று காலை கோயிலிலிருந்து மாவிளக்கு கொண்டுவந்து கொடுத்தாள். வெல்லமும் நெய்யும் கலந்த அந்த வாசனை. வாங்கிக்கொண்டேன், வாயில் போட முடியவில்லை. நேற்றுதான் உன் மகள் மலரின் ரத்தப் பரிசோதனை முடிவு போனில் வந்தது. கிருமியோடு சண்டை போடும் எதிர்ப்புப் புரதம் சரியான அளவுக்கு வந்துவிட்டதாம். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கோ அழுகையும் பயமும் சேர்ந்து வந்தன. ஏனென்று உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?

ரத்தப் புற்றுக்கு மருந்து ஏற்றி ஏற்றி மலரின் தலைமுடி கொட்டியிருந்த சமயம் ஞாபகம் இருக்கிறதா? அடிக்கடி காய்ச்சல், இருமல். எதிர்ப்புப் புரதம் மிகவும் குறைந்துவிட்டது என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் மருந்தை ஏற்றினார்கள். அடுத்த பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. உனக்கு அது போதும். நோய் போயே போய்விட்டது என்று முடிவு கட்டி, அம்பகரத்தூர் அம்மனுக்கு மாவிளக்கு போட்டு, தெரு முழுக்க உருண்டை பிடித்துக் கொடுத்தாய். "என் புள்ள ரத்தம் தேறிடுச்சுடி!" என்று நீ கத்தியது கோட்டுச்சேரி வரை கேட்டிருக்கும்.

மிச்சத்தைச் சம்படத்தில் போட்டு டாக்டருக்கும் எடுத்துக்கொண்டு, என்னையும் மலரையும் கூட்டிப் போனாய். அந்த டாக்டரம்மா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஏறியிருக்கறது நாங்க போட்ட மருந்தும்மா. அது பல பேர் குடுத்த ரத்தத்துலேர்ந்து எடுக்கறது. குழந்தையோட உடம்பு இன்னும் தானா உண்டாக்க ஆரம்பிக்கல."

"அப்ப இவ உடம்புல ஓடறது யாரோட சக்திங்க?"

"யாருன்னு யாருக்கும் தெரியாதும்மா."

திரும்பும் பஸ் சிதம்பரத்தைத் தாண்டியது. திடீரென்று நீ சம்படத்தைத் திறந்து, முன்சீட்டுக்காரர், கண்டக்டர், மீன்கூடையோடு ஏறிய அம்மா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுக்க ஆரம்பித்தாய். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னக்கா இது?"

"இவங்கள்ல யாராச்சும் அந்த ரத்தத்தக் குடுத்திருந்தா?"

"அந்த மீசைக்காரரப் பாரு, ஊசியக் கண்டாலே மயங்கி விழற ஆளு மாதிரி இருக்காரு."

"இருக்கட்டும்டி, அவருக்கும் ஒண்ணு குடு" என்று சிரித்தாய். பிறகு மலரின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "சக்தி இவளோடதா வரட்டும். அன்னைக்கு இன்னொரு விளக்கு போடறேன்."

அந்த நாள் வருவதற்குள் நீ போய்விட்டாய். நெஞ்சு அடைக்கிறது என்றாய். வாய்வுதான் என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பிள்ளையின் ரத்தத்தைத் துளித்துளியாகக் கவனித்தவள் உன் உடம்பை ஒருநாளாவது கவனித்தாயா? உன் மேல் எனக்குக் கோபம்தான் அக்கா, இன்னும் தீரவில்லை.

இப்போது பாட்டில் மருந்தை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. இந்த அளவு மலருடையதேதான். "அப்ப இனிமே நோய் திரும்பாதுங்களா?" என்று டாக்டரிடம் போனில் கேட்டேன். "இதை வச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா. கிருமி தாக்குனா இப்ப தாங்குவா, அவ்ளோதான். நோய்க்குத் தனியா பாத்துக்கிட்டேதான் இருக்கணும்" என்றார். நல்ல செய்தியா, பாதிச் செய்தியா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதல் விளக்கை அவசரப்பட்டுப் போட்டோம். இதையும் இப்போதே போட்டால் அவசரம், போடாவிட்டால் உன் வாக்கு நிறைவேறாமல் நிற்கிறது. எது சரி என்று சொல்ல நீ இல்லை.

மலர்தான் கேட்டாள். "சித்தி, இப்ப இருக்கறது என்னோடதா?"

"உன்னோடதுதான்டி."

"அப்ப அம்மா சொன்னது?"

கேட்டுக்கொண்டே அவள் அடுக்களைக்குப் போய் பச்சரிசியை எடுத்து ஊற வைத்துவிட்டாள். "நிறையா போடு சித்தி. பஸ்ல எல்லாருக்கும் குடுக்கணும்" என்றாள்.

நாளை அம்பகரத்தூர் போகிறோம். எனக்குக் குழப்பம் தீரவில்லை, பயமும் போகவில்லை. ஆனால் உன் பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் தெரியாத முகம் எதைப் பார்த்தாலும், இவராக இருக்குமோ என்று பார்க்கிறேன். எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுத்துவிடுவேன் அக்கா. உன் பங்கை யார் கையில் கொடுப்பேன்?