நான்காம் அத்தியாயத்தில் எங்கள் வயல்

பேராதனை,
09.02.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். குளிர்தான் ஆளைக் கொல்லுகிறது. நீங்கள் தந்துவிட்ட எள்ளுருண்டை அறைப் பொடியன்களின் கண்ணில் பட்டு அன்றைக்கே முடிந்துபோயிற்று. அம்மாவின் கால்வீக்கம் எப்படி?

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது: ‘போரும் சூழலும்’. அத்தியாய வரைவையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் அத்தியாயம் பங்கர்ப் பதுங்குகுழிகளுக்குத் தறித்த பனைகள். அடுத்தது மண் அணைகளால் மறிபட்ட வாய்க்கால்கள். மூன்றாவது வங்காலைக் கரையின் மீன்பிடித் தடை. நான்காவதுதான் என்னை மேற்பார்க்கும் சேருக்கு நன்றாகப் பிடித்தது. “போர் அழித்ததை எல்லாரும் எழுதுகினம், வளர்த்ததை நீர் எழுதியிருக்கிறீர்” என்றார்.

நம் ஊரில் பழைய போர் முன்னரங்கோடு கிடக்கும் மிதிவெடிக் காணிகளைப் பற்றியது அது. அதற்குப் ‘பகுதி அ’ என்று பெயர் வைத்திருக்கிறேன். கைவிடப்பட்ட வேளாண் நிலம் மனிதக் கால் படாமல் காடாகியிருக்கிறது, அதை அப்படியே சரணாலயமாக விடலாம் என்பது என் பரிந்துரை. அதன் சுருக்கத்தை சேர் மிதிவெடி அகற்றுகிறவர்களுக்கும் அனுப்பப் போகிறார்.

எனக்கு ஓர் உதவி. அங்கே என்ன மரம், என்ன பறவை என்று பார்த்து எழுதுங்கள். மிதிவெடி என்று எச்சரிக்கிற சிவப்புப் பலகைக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும், சொல்லிப்போட்டேன்.

அன்புத் தம்பி,
யோகன்


நானாட்டான்,
21.02.2003

அன்புத் தம்பி யோகனுக்கு,

அம்மாவுக்குக் கால்வீக்கம் வற்றிவிட்டது, வாய்தான் வற்றவில்லை. உன்னைக் கம்பளிச் சட்டை போடட்டாம்.

கேட்டபடி போய்ப் பார்த்தேன். உடை மரம் தலைக்கு மேலே. வரம்பெல்லாம் சூரைமுள். மயிலுக்குக் குறைவில்லை. பக்கத்து வயல் செல்வநாயகம் அண்ணை மானும் கண்டாராம். இன்னுமொரு சீவன் தினமும் பலகையடியில் வந்து நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போகிறது. அதை எழுத மறந்துவிட்டாய். அது உன் அக்கா.

உன்னுடைய பகுதி அ, அப்பா எனக்குச் சீதனமாக எழுதின வயல். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் திரும்பினால் முதலில் நனைகிற வயல். அதைக் கைவிட்டது யாரடா? இரண்டு பக்கத்தாரும் வெடி புதைத்தார்கள், நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம். ஓடினவளைக் கைவிட்டவள் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

போன மாதம் தைப்பூசத்துக்கு செல்வநாயகம் அண்ணை புதிர்ச் சோறு பொங்கட்டும் என்று தன் வயலில் ஒரு பிடி முதற்கதிர் அறுத்துக் கொண்டுவந்தார். அம்மா வாங்கவில்லை. “குறை நினையாதை தம்பி. என்ரை பிள்ளையின்ரை வயல் விளையட்டும், அண்டைக்குப் புதிர் எடுப்பம்” என்று சொல்லிவிட்டா. நாம் ஓடின நாளிலிருந்து இந்த வீட்டில் புதிர்ச் சோறு இல்லை. நீ சின்னப் பிள்ளை, மறந்திருப்பாய்.

நல்ல செய்தி ஒன்று. வெடி எடுக்கிறவர்கள் சித்திரைக்கு முன் வேலை தொடங்குகிறார்களாம். எங்கள் காணி முன்வரிசையிலாம். நாற்றுமேடைக்குரிய இடம்கூட யோசித்து வைத்துவிட்டேன். அந்த அத்தியாயத்தை மாற்றிவிடு, ராசா.

அக்கா,
லோசனி


பேராதனை,
04.03.2003

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை விரிவுரை மண்டபத்தில் பிரித்தது பிழை. பக்கத்திலிருந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கு என்ன என்று கேட்டான்.

அறியாமல் எழுதவில்லை அக்கா. அது நம் வயல் என்று தெரிந்துகொண்டேதான் எழுதினேன். தொண்ணூற்றைந்தில் சமாதானம் என்று சொன்ன நாட்களில், எருமை உள்ளே போய்விட்டது என்று அப்பா அதற்குள் இறங்கினார். சத்தம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். அம்மா என் சட்டையைப் பிடித்திழுத்திராவிட்டால் நானும் போயிருப்பேன். மார்கழி நத்தார் லீவில் நீங்கள் பலகையடியில் நின்று “அந்தா, எங்கடை வரம்பு” என்று கையைக் காட்டியபோது நான் வரம்பைப் பார்க்கவில்லை, உங்கள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெடியை எல்லாம் எடுத்துவிட்டோம் என்பார்கள். ஒன்றைத் தவறவிட்டால்?

மானும் மயிலும் உண்மைதான். ஆனால் எனக்கு மான் பெரிதில்லை. நீங்கள் அதற்குள் கால் வைக்கக்கூடாது, அவ்வளவுதான். சரணாலயமானால் மாற்றுக் காணி கேட்கலாம்.

சுருக்கம் வெடி எடுக்கிறவர்களிடம் போய்விட்டது அக்கா. கோபிக்காதீர்கள்.

யோகன்


நானாட்டான்,
19.03.2003

யோகனுக்கு,

நேற்று வாசிகசாலையில் வெடி எடுக்கிறவர்களின் கூட்டம். எந்தக் காணி முதலில், எது பிறகு என்று வாசித்தார்கள். எங்கள் காணியின் பெயர் வரவில்லை. எழும்பிக் கேட்டேன். “அது ஆராய்ச்சிக் காணி அக்கா. கம்பசிலையிருந்து வந்திருக்கு. கடைசியாப் பாப்பம்” என்றார் ஒரு பொடியன், மரியாதையாகத்தான். யார் அப்படி எழுதினது என்று செல்வநாயகம் அண்ணை சத்தம் போட்டார், அவருடைய பாதி வயலும் அதற்குள்தானே. பொடியன் தாளைப் பார்த்து வாசித்தான்: இரத்தினம் யோகராசா.

சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஏசியிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு எந்த வழியால் வந்தேன் என்று தெரியாது.

உன் பாசம் எனக்குத் தெரியாதா? ஆனால் அது என்னைக் கட்டிப்போட்ட மாடாக்குகிறது. ஊரார் வயலில் நாற்று நட்டு, ஊரார் வயலில் அரிவு வெட்டி என் முதுகு வளைந்துவிட்டது. வேளாண்மைக்காரி என்று ஒரு நாளாவது சொல்லிக்கொள்ள ஆசை எனக்கு. அப்பா செத்த மண்ணில் மயில் ஆடட்டும் என்று நீ கேட்கலாம், நெல் விளையட்டும் என்று நான் கேட்கக்கூடாதா? சாப்பிட முடியவில்லை. ஓரிடத்தில் இருக்கவும் முடியவில்லை. குசினிக்கும் படலைக்குமாய் நடந்துகொண்டிருக்கிறேன்.

லோசனி


பேராதனை,
31.03.2003

அக்கா,

சேரிடம் போனேன். அந்த அத்தியாயத்தை எடுத்தால் புதுத் தலைப்பில் தொடங்க வேண்டும், ஒரு வருடம் பிந்தும் என்கிறார். பிந்தட்டும். எடு என்று ஒரு சொல் எழுதுங்கள், எடுத்துவிடுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு வயலில் ஏதும் நடந்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன். அதையும் சொல்லிவிட்டேன்.

நம் ஊர்த் தோமஸ் அண்ணையின் கடைக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்தேன். “உன்ரை அக்கா காலமை வெள்ளனவே வான் வண்டியிலை ஏறிப் போறா, பொழுதுபடத்தான் வாறா” என்கிறார். அரிவு வெட்டுத்தான் முடிந்துவிட்டதே. எங்கே போகிறீர்கள்? உடனே பதில் போடுங்கள். படிப்பு ஏறவில்லை.

யோகன்


நானாட்டான்,
12.04.2003

அன்புத் தம்பி,

ஒரு சொல் கேட்டாய். அதை என்னிடம் கேளாதே. எடு என்றால் உன் வருடம் போனது என்னால், விடு என்றால் என் வயல் போனதும் என்னால். இரண்டு பழியையும் என் தலையில் ஏற்றிவிட்டு நீ நித்திரை கொள்ளப் பார்க்கிறாய். கெட்டிக்காரன்தான்.

அந்த அத்தியாயத்தைக் கிழிக்காதே என்பதுதான் என் எண்ணம். நீ கண்ட மானும் மயிலும் பொய்யில்லை. கைவிடப்பட்ட என்பதை வெட்டிவிட்டுச் சொந்தக்காரி இன்னார், அவள் திரும்பிப்போகக் கேட்கிறாள் என்று எழுது. அதை வாசித்த பிறகும் உன் சேர் சரணாலயம் என்றால், என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

வான் வண்டி ஏறி எங்கே போகிறேன் என்று கேட்டாய். வெடி எடுக்கப் பழகுகிறேன். பெண்களையும் சேர்க்கிறார்கள். வங்காலை மார்த்தாவும் என்னோடு வருகிறாள். முழங்காலில் இருந்து, புல்லைக் கத்தரித்து, கருவியால் தடவி, சத்தம் கேட்ட இடத்தில் கம்பியைச் சரித்து மெல்ல மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். காலை முழுக்க உழைத்தால் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம். முகமூடிக்குள் வேர்வை கண்ணில் வடியும், துடைக்கக்கூடாது. இப்போதும் பயம்தான். ஆனால் கூட்டம் முடிந்த நாளிலிருந்து நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்று அந்தக் கம்பியைப் பிடித்த பிறகுதான் நின்றது.

அம்மாவிடம், வெடி எடுக்கிறவர்களுக்குச் சமைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லு. செத்துவிடுவேன் என்று இனி எனக்கு எழுதாதே. கம்பி பிடிக்கிற கைக்கு அது கூடாது.

எங்கள் வயல் கடைசியாகத்தான் வரும். வரட்டும். அதில் முதல் முழங்கால் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். ஓம் என்றுவிட்டார்கள்.

உன் அக்கா,
லோசனி