பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்த இடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

சகுப்வா ஊரின் தலைசிறந்த சாவீராவாகிய, அதாவது சாவு வீட்டில் செத்தவரைப் போல நடிக்கும் உரிமை பெற்ற குடும்ப நண்பனாகிய எனக்கு இன்று சொந்த மகளே தடை உத்தரவு போட்டாள். பேரன் என் மடியில் இருந்தான். மூன்று மாதம். என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் பல்லைக் காட்டினேன். ருன்யா அவனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“சோள மூட்டையப் புடிக்கிற மாதிரி புடிச்சிருக்கீங்கப்பா. பஸ் கவுந்ததுலேருந்து நீங்க இந்த வீட்லயே இல்ல. கிளினிக் சிஸ்டரப் போய்ப் பாருங்க. அதுவரைக்கும் இவனக் கொண்டு வரமாட்டேன்.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

பிப்ரவரி 5

போகமாட்டேன். முசிவா குடும்பத்தில் யார் இறந்தாலும் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே நடந்து, திட்டி, அழுகிற கூட்டத்தைச் சிரிக்க வைப்பது சாவீராவின் உரிமை. போன வருடம் பஸ் கவிழ்ந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்து இறந்த என் நண்பன் முசிவாவுக்கும் செய்தேன். வலது கையில் மாவுக்கட்டோடு. அவன் நடையை நடந்தபோது பாதிரியாரே சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து உருண்டார். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இப்படிப்பட்டவனுக்கு வைத்தியமா?

பிப்ரவரி 10

போனேன். சிஸ்டரைத் தோற்கடிக்கத்தான் போனேன்.

சிஸ்டர் மபிகா என் முழங்கை உயரம். “நடந்ததச் சொல்லுங்க மாமா. மெதுவா. முடியலன்னா நிறுத்திக்கலாம்.”

நிறுத்துவதா? டிரைவரின் ஏப்பம், கூடைக் கோழி, பிரேக் பிடிக்காதபோது உலகிலுள்ள எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்ட குண்டு அம்மா – ஒரு மணி நேரம் நடித்துத் தள்ளினேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் நோயை மறந்து சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 17

மறுபடி ஆட்டம். கோழி இரண்டு.

பிப்ரவரி 24

கோழி ஏழு. முடித்ததும் கேட்டாள்: “டிரைவரானீங்க, கோழியானீங்க, முசிவாவும் ஆனீங்க. நீங்க எங்க மாமா உக்காந்திருந்தீங்க?”

“ஜன்னலோரம்.”

“அந்த ஆளையும் நடிச்சுக் காட்டுங்களேன்.”

எழுந்தேன். நாற்பது சாவு நடித்தவன். ஒரு விரல் அசையவில்லை.

“பாதம் தரையில இருக்கா பாருங்க. இது கிளினிக். பஸ் நின்னு ஒரு வருஷம் ஆச்சு.”

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். இவளுக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்?

மார்ச் 3

போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். பொய்.

மார்ச் 10

போனேன். கோழி இல்லை.

இடது கை ஜன்னல் கம்பியில். வலது கை முசிவா சட்டையில். ‘விடாதடா’ன்னான். விட்டுட்டேன். நான்தான் விட்டேன் – வேற யாரு? ஒரு வருஷமா அந்தக் கையக் கூடவே தூக்கிக்கிட்டு அலையிறேன்.

சிஸ்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு, “எந்தக் கை மாமா ஒடைஞ்சது?”

வலது.

“அது எப்போ ஒடைஞ்சது?”

பதில் தெரிந்தது. அவன் சட்டையை விடுவதற்கு முன்னால். தண்ணீர் கொடுத்தாள். அடுத்த வாரமும் வரவேண்டுமாம். வருவேன், பார்க்கலாம் யார் களைக்கிறார்கள் என்று.

மார்ச் 21, சனி

செத்து ஒரு வருடம் ஆனதால் முசிவாவின் ஆவியை வீட்டுக்கு அழைக்கும் சடங்கு நாள். தொப்பியை நீட்டினார்கள். மாட்டினேன். கூட்டம் சிரிக்கத் தயாரானது. நான் அழுதேன். மொசாம்பிக் எல்லையில் காவலர்கள் துப்பாக்கியைத் தேடும் அளவுக்கு ஊளையிட்டேன்.

முசிவாவின் பெரியப்பா எழுந்தார். “சாவீரா அழக்கூடாது. அபராதம் ஒரு ஆடு.”

“சாவீரா எதையும் செய்யலாம், அவன யாரும் கேக்க முடியாது. இதுதான சட்டம்? கேட்டதுக்கு நீங்க ஆடு கொண்டாங்க பெருசு.”

முதலில் சிரித்தது முசிவாவின் மனைவி. அழுது முடிக்கும்வரை நான் யாரையும் நகர விடவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

ருன்யா வந்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தையும் கேட்காமலே பேரனை என் மடியில் கிடத்தினாள். பயல் கனக்கிறான்.

மதியம் கீரையில் உப்பு கரித்தது. தட்டைத் தள்ளிவிட்டு மனைவியிடம் சண்டைக்குப் போனேன்.

“ஒரு வருஷமா இதே உப்புதான் போடுறேன். இன்னிக்குத்தான் உங்க நாக்குக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

பேரன் விழித்துவிட்டான். நான்தான் தூக்கப் போகிறேன்.