மாடிப்படி இல்லாத வீடுகள்

மார்ச் 3

நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். வீக்கத்துக்குக் களிம்பு வேண்டுமாம். கன்னம் புடைத்திருந்தது. "மாடிப்படில விழுந்துட்டேன்க்கா" என்றாள். முதலாளி "அடடா" என்று உச்சுக் கொட்டினார். நான் களிம்பை உறையில் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. ஒன்றில்கூட மாடிப்படி கிடையாது.

மார்ச் 5

அவள் புருஷன்தான் தெருச் சங்கச் செயலாளர். காலையில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்: தெருவைச் சுத்தமாக வைத்திருப்போமாம். "குப்பை டப்பாவுக்கு மூடி போடு, தங்கச்சி" என்றார். தங்கச்சியாம்! நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே வந்து கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை நாள் கேட்டதெல்லாம் பாத்திரம் விழுகிற சத்தமா? யாரை ஏமாற்றினேன்?

மார்ச் 11

பின்வாசல் வழியாக வந்து ஒரு பையைக் கொடுத்தாள். சான்றிதழ்கள், பாஸ்போர்ட், இரண்டு செட் துணி. "இருபதாம் தேதி அவர் வெளியூர் போறாரு. அன்னைக்கு வாங்கிக்கிறேன்க்கா. அண்ணன் வரச் சொல்லிட்டான்." அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

மார்ச் 14

த்தூ.

என் வீட்டுக்காரர் போர்வை தேடப்போய்ப் பையைப் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே கொண்டுபோய்ச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்: "அடுத்தவன் குடும்ப விஷயத்துல நாம ஏன் மூக்க நுழைக்கணும்? அவரு நல்ல மனுஷன்டி."

சாயங்காலமே சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்துவிட்டது. இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். செயலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே திறந்தார். "ஒண்ணுமில்ல தங்கச்சி, பீரோவ நகர்த்துறோம்." என் பின்னாலேயே வந்த இவர் "ஸாரி சார்" என்றார். ஸாரி! இந்த வாயோடுதான் பதினாறு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன்.

மார்ச் 15

போலீஸைக் கூப்பிட்டேன். வந்தார்கள். செயலாளரோடு கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அவளே ஒன்றுமில்லை என்றாளாம்.

மார்ச் 19

கடைக்கு வந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை. "தப்பு என் மேலதான்" என்றேன். "இனிமே கடையிலயே கொடு. அடித்தட்டுல வச்சிக்கிறேன்." அவர் பையைப் பூட்டிவைத்த பீரோவின் சாவி இருக்கும் இடம் தெரியுமாம், ஒவ்வொரு தாளாக எடுத்து வருகிறாளாம். பிறகு கேட்டாள்: "உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதுல்லக்கா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 2

ஐந்து தாள் வந்துவிட்டது. பாஸ்போர்ட் பாக்கி.

ஏப்ரல் 9

காலையில் பாஸ்போர்ட்டோடு வந்தாள். கடையிலிருந்தே கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டேன். அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள்.

சாயங்காலம் செயலாளர் எங்கள் சோபாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். இவர் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். "எங்க போனான்னு உனக்குத் தெரியுமா, தங்கச்சி?"

"தெரியாதுங்க."

அவர் போனதும், அவர் தண்ணீர் குடித்த டம்ளரைக் குப்பை டப்பாவில் போட்டு மூடியை அழுத்தி மூடினேன். இவர் பார்த்துக்கொண்டே நின்றார். "உனக்குத் தெரியும்ல?"

ஏப்ரல் 10

கடையின் அடித்தட்டில் அவள் தாள்கள் இருந்த இடம் காலி. இன்று என் பட்டச் சான்றிதழைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன்.