கழுத்து வரைக்கும் பட்டன்

ஆகஸ்ட் 11

எல்வின் கிளம்பியாச்சு. வெள்ளனே வாசலில் நின்று சுவெட்டருக்கு ஒரு சண்டை. "கீழ எறங்குனா வேர்த்து ஊத்தும், எதுக்குடி இது?" என்றார். வத்தலக்குண்டு வரைக்குமாவது போட்டுக்கிட்டுப் போங்க என்று நானே மாட்டிவிட்டேன். பொறந்து வளந்தது கொடைக்கானல், அதனால துரைக்குக் குளிரே தெரியாதாம். ஒரு பட்டனும் போடாமல் பப்பரப்பான்னு திறந்துவிட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். கொழுந்தன் அலெக்சாண்டர்தான் வண்டி. கேரளாவுக்குப் போய் ராத்திரி ஃபிளைட் ஏறி மஸ்கட். திரும்ப அந்த ஹோட்டல் அடுப்படி, திரும்ப இரண்டு வருஷம்.

நான் வேலைக்குப் போய்விட்டேன். ஹாஸ்டல் லாண்டரியில் புதுப் பிள்ளைகளின் துணி மலையாகக் கெடக்கு. எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் நம்பர் தைக்க வேண்டும். கழுத்துப்பட்டைக்கு உள்பக்கம் தைத்தால்தான் சலவையில் துணி மாறாது. கல்யாணமான புதிதில் எல்வின் துணியிலும் தைத்துப் பழகினேன். யாருக்கும் கொடுக்காத நம்பர் 47. இன்றுவரை அவர் சட்டை, சுவெட்டர், துண்டு எல்லாம் 47தான். "மஸ்கட்ல என்னைய ஹாஸ்டல் பையன்னு கிண்டல் பண்றானுக" என்பார். பண்ணட்டும்.

ஆகஸ்ட் 12

ஃபிளைட் கடல்ல விழுந்திருச்சாம். எழுத வரல.

ஆகஸ்ட் 14

டிவியில் ஒரே தண்ணி. நடுவில் கப்பல். பெட்டிகள் மிதக்கிறதைக் காட்டுகிறார்கள். எங்க நீலப் பெட்டியா, எங்க நீலப் பெட்டியா என்று ஒவ்வொன்றாக எட்டி எட்டிப் பார்க்கிறேன். என்னமோ பெட்டி கிடைச்சா ஆளும் பின்னாலேயே நடந்து வருவாருங்கிற மாதிரி.

யாரும் பிழைக்கலியாம். சொன்னவன் டை கட்டியிருந்தான். அவனைக் கொல்லணும் போல இருந்தது.

ஆகஸ்ட் 17

கடற்கரை ஊரில் இருக்கிறோம். நான், அத்தை, அலெக்சாண்டர். வந்ததுமே அத்தையிடம் ரத்தம் எடுத்தார்கள், பெற்ற தாயின் ரத்தத்தை வைத்துப் பிள்ளையைக் கண்டுபிடிப்பார்களாம். மீன்பிடிப் படகுகளும் நேவிக் கப்பலும் மாறி மாறி வருகின்றன. கொண்டுவந்ததைத் தார்ப்பாயில் பரப்புகிறார்கள். சீட் பஞ்சு, செருப்பு, ஒரு குழந்தையின் பால் பாட்டில் மூடியோடு. பாட்டிலுக்குள் பால் இன்னும் இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். துணியால் மூடி வைத்திருந்தார்கள். முகம் பார்க்க வேண்டாம் என்றார்கள். கையை மட்டும் காட்டினார்கள். நாள் முழுக்க அலசினால் என் கை எப்படிச் சுருங்கி வெளுத்துப் போகுமோ அப்படியேதான் இருந்தது. அப்படி ஊறிய கை யாருடைய கை என்று யாரால் சொல்ல முடியும்? அப்புறம் சுவெட்டர். கழுத்துப்பட்டையைத் திருப்பினேன். சிவப்பில் 47. நான் போட்ட நம்பர், நான் அடித்த முடிச்சு.

கழுத்து வரைக்கும் எல்லாப் பட்டனும் போட்டிருந்தது.

டெஸ்ட் ரிசல்ட் வர நாளாகும், உறுதியாத் தெரிஞ்சா இப்பவே எடுத்துட்டுப் போகலாம் என்றார் ஆபீசர். அத்தை, "இருந்து பாப்பமே ஷைலா" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "என் தையல் எனக்குத் தெரியாதா? இந்த நாத்தத்துல இன்னும் எத்தனை நாள் அவரைப் போட்டு வைக்கணுங்கிறீங்க?" என்று அத்தனை பேர் முன்னாடி கத்திவிட்டேன். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 19

அடக்கம் முடிந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சீல் வைத்து அனுப்பியிருந்தார்கள். குழி வெட்டுகிற மரியசெல்வம் அண்ணன், "மழைத்தண்ணி ஊறுது, வெரசா முடிங்க" என்று ஃபாதரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜெபம் சொல்லும்போது பனிமூட்டமாய் மஞ்சு இறங்கி, எதிரில் நின்ற அத்தையே தெரியவில்லை. மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எல்வின். எல்வின். எல்வின்.

ஆகஸ்ட் 27

சுவெட்டரை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். துவைத்தேன். உப்பு வாடை போகவில்லை. மறுபடி துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டேன்.

ஆகஸ்ட் 31

ஞாயிறு. பூசை முடிந்து கல்லறைக்குப் போனேன். யாருமில்லை. உட்கார்ந்து பேசினேன். கேஸ் தீர்ந்தது, அத்தை என்னோடு சரியாகப் பேசாதது எல்லாம் சொன்னேன். என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களேன்னு நல்லா ஏசினேன். எல்வினாக இருந்தால் பாதியிலேயே, "சரி விடுடி" என்றிருப்பார். அவர் எதையும் முழுசாகக் கேட்ட ஆளில்லை.

இங்கே யாரோ முழுசாகக் கேட்கிறார்கள். குறுக்கே பேசாமல், மரியாதையாக. புது இடத்துக்கு வந்த ஆள் மாதிரி.

என்ன எழுதறேன் நான்? தூக்கமில்லாத புத்தி.

செப்டம்பர் 6

சுவெட்டர் இன்னும் காயவில்லை. பக்கத்தில் போட்ட பாவாடை, துண்டெல்லாம் காய்ந்து எடுத்தாயிற்று. இது மட்டும் மஞ்சு வந்தால் சொட்ட ஆரம்பிக்கிறது. உப்பு ஏறிய துணி ஈரத்தை இழுக்கும் என்று எனக்கே தெரியும், லாண்டரிக்காரி நான். ஆனாலும் கொல்லைக் கதவைத் திறந்தால் ஒரு ஆள் குனிந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 11

முப்பதாம் நாள் பூசை. அத்தை கோயிலுக்கு வந்தார், கல்லறைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "அந்தப் புள்ளைக்கும் சேத்துத்தான் ஜெபம் பண்ணுனேன்" என்றார்.

எந்தப் புள்ளைக்கு? ஒரே புள்ளதானே படுத்திருக்கு?

அத்தை வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். மனுசிக்குப் புத்தி பிசகிவிட்டதா, எனக்கா?

செப்டம்பர் 14

கல்லறைக்குப் போனேன். பேச்சு வரவில்லை. வேற்று ஆள் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி கூச்சம். மெழுகுவர்த்தியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 28

பட்டன்.

அன்று ஆஸ்பத்திரியிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் தள்ளிவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் ஒருநாள் பட்டன் போட்டுப் பார்த்ததில்லை, மார்கழியில்கூட. ஃபிளைட்டில் ஏசி குளிர்ந்திருக்குமோ? எல்வினுக்கா?

அலெக்சாண்டரிடம் கேட்டேன். "சுவெட்டரா? வத்தலக்குண்டுல டீ குடிக்கும்போதே கழட்டிட்டாரு மதினி. அப்புறம் தோள்லதான் கெடந்துச்சு. ஏன் கேக்குறீங்க?"

சும்மா என்றேன். இன்று ஒரு பையன் சட்டையில் நம்பரைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் அது நிஜமாகிவிடும். எனக்கு இந்தக் கல்லறை வேணும். ஞாயித்துக்கிழமை போய் உக்கார எனக்குன்னு ஒரு இடம் வேணும்.

அக்டோபர் 14

போன் வந்தது. அந்த ஆபீசர்தான். ரொம்ப நேரம் மன்னிப்புக் கேட்டார். அவர் மேலே சொல்லத் தொடங்கும் முன்பே, "அது அவரு இல்ல, அதானே?" என்றேன்.

நாங்கள் புதைத்தது செல்வமுருகன். இருபத்திரண்டு வயசு. பழனிக்காரப் பையன். புதைக்கக் கொடுக்கும் முன் உடம்பிலிருந்து எடுத்து வைத்த சாம்பிள் அவன் அம்மாவின் ரத்தத்தோடு பொருந்திவிட்டதாம்.

"அப்ப என் வீட்டுக்காரர் எங்க?" என்றேன்.

"தேடிட்டு இருக்கோம் மேடம்."

அத்தையிடம் சொன்னேன். "பெத்தவளுக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு என் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டார். ஒரு சொல்லாவது திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 16

அவர்கள் வந்தார்கள். அப்பா பொன்னுவேல், பழனி அடிவாரத்தில் சாமி படமும் டாலரும் விற்கிற கடை. அம்மா தேவசேனா. இருவரும் செருப்பை வாசலிலிருந்து ரொம்பத் தள்ளிக் கழற்றினார்கள், துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி. துக்கம் அவர்களுடையது, வீடு எங்களுடையது. யார் யாருக்கு ஆறுதல் சொல்வது? நான் காலில் விழுந்தேன். அந்தம்மா பதறிப்போய்த் தூக்கினார்.

"உங்க பிள்ளையக் கொண்டாந்து எங்க முறைப்படி புதைச்சுட்டேனேக்கா."

"தெருவுல போட்டீங்களா? மனுசனாத்தானே அடக்கம் பண்ணீங்க" என்றார் பொன்னுவேல். "நாங்க அங்க போறதுக்குள்ள, சுவெட்டர் போட்ட ஆள ஒரு குடும்பம் அடையாளம் காட்டிக் கொண்டுபோயிட்டதா சொன்னாங்கம்மா. எம்பையன் சுவெட்டர் போட்டிருந்தான்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவங்க ஆளே வேறன்னுட்டாங்க."

உங்க பையன்கிட்ட அந்தச் சுவெட்டர் எப்படி வந்துச்சு என்று கேட்டேன். அந்தம்மா போனை எடுத்து, ஃபிளைட் கிளம்பும் முன் பையன் அனுப்பிய குரலைப் போட்டார்.

"அம்மா, உள்ள ஏறியாச்சு. ஏசியில பல்லு தந்தியடிக்குதும்மா. பக்கத்துல கொடைக்கானல் அண்ணன் ஒருத்தரு. எனக்குக் குளிரே தெரியாது தம்பி, இந்தா போட்டுக்கன்னு குடுத்துட்டாரு. நல்ல அண்ணன்மா. போயி எறங்குனதும் பேசுறேன்."

பிறகு ஒரு போட்டோ. பையன் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். ஓரத்தில் வெட்டுப்பட்டு ஒரு காது, அரைக் கன்னம், சிரிக்கிற பாதி வாய்.

எல்வின்.

நான் பெட்டிக்குள் இருக்கிற ஒருவருக்காக இரண்டு மாசம் அழுதேன். எல்வினின் பாதி முகம் பழனியில் யார் போனிலோ சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சந்தோஷமா, ஆத்திரமா என்று தெரியவில்லை. அவரு பாட்டுக்குக் கழட்டிக் குடுத்துட்டாரு. நான் மாட்டிவிட்டதை. அவரு மட்டும் குடுக்காம இருந்திருந்தா, யாரு யாருன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா குடுக்காம இருந்திருந்தா அது எல்வினே இல்ல.

போகும்போது தேவசேனா அக்கா கேட்டார், "எம்புள்ள இங்க தனியாவா கெடந்தான்?"

"இல்லக்கா. நான் ஞாயித்துக்கிழமை போயி உக்காந்து எல்லாத்தையும் சொல்லுவேன். ஏசவும் செஞ்சேன், எம் புருசன்னு நெனச்சு. அமைதியாக் கேட்டுக்கிட்டான்."

"வீட்லயும் அப்படித்தான்" என்றார். அழுகையோடயே சிரித்துவிட்டார். நானும்.

அக்டோபர் 18

தாசில்தார், போலீஸ், டாக்டர் எல்லாரும் வந்தார்கள். மரியசெல்வம் அண்ணன் குழியைத் தோண்ட ஆரம்பித்ததும் மஞ்சு. அடக்கத்தன்று மண் விழுந்த சத்தம் இன்று தலைகீழாகக் கேட்டது. பெட்டி மேலே வந்தது. மேல் எல்லாம் ஈரம். தேவசேனா அக்கா பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டார், எழுப்பவே முடியவில்லை.

பழனியில் சண்முகா நதிக்கரையில் எரிக்கப் போகிறார்களாம். வேன் கிளம்பும்போது சுவெட்டரையும் கொடுத்தேன். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பொன்னுவேல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

குழியைத் தகரம் போட்டு மூடியிருக்கிறோம். சிலுவையில் எல்வின் பேர் நிற்கிறது. கீழே ஒன்றுமில்லை.

அக்டோபர் 19

ஞாயிறு. போகவில்லை. எங்கே போவது?

அந்தப் பையன் இல்லாததும் என்னவோ போல் இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகத் திரண்டிருந்தது. எங்கள் குழியில் தகரத்துக்கு அடியிலும் மழைத்தண்ணி. மெழுகுவர்த்தியை எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் நானும் அத்தையும் நின்றோம். மற்றவர்கள் எங்கள் பக்கம் பார்க்காமல் சுற்றிப் போனார்கள், பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

மண்ணைப் போட்டு மூடிடலாமா என்று கேட்டார் மரியசெல்வம் அண்ணன். அத்தை, "கெடக்கட்டும்" என்றார்.

நவம்பர் 19

ஆழத்தில் தேடும் கப்பல் ஒரு வரிசை சீட்டைத் தூக்கியிருக்கிறதாம். அத்தையின் ரத்தத்தோடு பொருந்துகிறது என்று போன் வந்தது. கொஞ்சம்தான் கிடைத்திருக்கிறது என்றார் ஆபீசர். எவ்வளவு கொஞ்சம் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 21

திரும்ப அதே கடற்கரை ஊர். மேசை மேல் சின்னதாக ஒரு பெட்டி. அடையாளம் ஏதாவது பார்க்கணுமா மேடம் என்று கேட்டார் ஆபீசர்.

"நான் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவர் எழுந்து நின்று, "இவர் எல்வின்" என்றார். மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். அதுக்கப்புறம்தான் அவருக்குன்னு எனக்கு அழுகை வந்தது. அத்தை பெட்டி மேல் கையை வைத்து, "என்னப்பா" என்றார். இந்த மூன்று மாசத்தில் அத்தை அவரைக் கூப்பிட்டு இன்றுதான் கேட்டேன்.

நவம்பர் 23

அடக்கம். பழனியிலிருந்து பொன்னுவேலும் தேவசேனா அக்காவும் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள்.

பெரிய பெட்டிதான் வேண்டும், ஆள் நீளத்துக்கு, என்று அத்தை பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். மூடும் முன் பார்த்தேன். நடுவில் அந்தச் சின்னப் பெட்டி. நகரக் கூடாது என்று சுற்றிலும் அவர் வேட்டி சட்டைகளை மடித்து வைத்தேன்.

"கனமே இருக்காது மதினி, நானும் மரியசெல்வமும் தூக்கிருவோம்" என்றான் அலெக்சாண்டர். பொன்னுவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்பக்க மூலையில் போய்த் தோள் கொடுத்தார். இன்னொருவரும் வந்து சேர்ந்துகொண்டார்.

நாலு பேரும், உள்ளே முழு ஆள் இருக்கிற கனத்தில், மெதுவாக நடந்தார்கள்.