கோர்ட்டு வாசலில் பட்டாசுப் பெட்டி

தாயில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் நீ வைத்துவிட்டுப் போன கருவேப்பிலைக் கன்றும் காளியம்மன் புண்ணியத்தில் நலம். ஹைதராபாத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இரண்டு நாளாக மழை, பட்டாசுக் கம்பெனி லீவு, அரைத்தூக்கத்திலேயே இருக்கிற மாதிரி இருக்கிறது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா போனபிறகு வீடு முழுக்கத் தனக்குத்தான் என்று உன் சித்தப்பா கேஸ் போட்டாரே, வக்கீல் வைக்க நமக்கு ஏது வசதி, விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு என்று நீயும் சொன்னாயே. பக்கத்து வீட்டு இன்பம் டீச்சர்தான் சிவகாசி கோர்ட்டில் இலவச சட்ட உதவி இருக்கிறது என்று என்னைக் கூட்டிப்போனார். அங்கே எனக்கு ஜாஸ்பின் என்று ஒரு வக்கீலம்மாவைக் கொடுத்தார்கள், உன் வயதுதான் இருக்கும். இலவசம் என்றால் ஏனோதானோ என்று பேசிவிட்டுப் போவாளோ என்று எனக்குப் பயம். அதனால் விசாரணைக்குப் போகும்போது பெரிய கிஃப்ட் பாக்ஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். யாருக்கு நன்றி சொல்வதென்றாலும் நம் ஊரில் பட்டாசுதானே. வாசலில் போலீஸ்காரர் ஆடிப்போய், ஏத்தா, வெடியத் தூக்கிக்கிட்டா கோர்ட்டுக்கு வாறீக என்று கத்த, நின்றவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள். ஜாஸ்பின் ஓடிவந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, எனக்குப் பீஸு அரசாங்கம் குடுக்கும்மா, ஊரு உலகம் கட்டுற வரிப்பணம், நீங்க எதுவும் தரக்கூடாது என்றாள். பெட்டி டீக்கடைக்காரர் பிள்ளைகளுக்குப் போயிற்று.

உள்ளே என் பேரைக் கூப்பிட்டதும் அவள் எழுந்து, இவங்களுக்காக நான் வந்திருக்கேன் ஐயா என்றாள். உன் அப்பா போனபின் எனக்காக ஒருவர் எழுந்து நின்றது அன்றைக்குத்தான் மகளே. கேஸ் முடியும்வரை என்னை யாரும் வெளியேற்றக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. இன்னும் நாள் ஆகும், ஆனால் அவள் கூட வருவாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கண் சொருகியது. நான் அடுக்கிய மத்தாப்பை எந்த ஊரிலோ யாரோ கொளுத்துகிறார்கள், முகம் தெரியாத பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் ஓடுகிறார்கள், அவர்கள் வீட்டில் கட்டின வரி அம்புட்டுத் தூரம் நடந்துவந்து கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறது. கண்டக்டர் எழுப்பிய பிறகும் அது கனவு என்று எனக்குத் தோன்றவில்லை.

தலைக்கு எண்ணெய் வை, மழையில் நனையாதே, நூறு வயது நன்றாக இரு. பொங்கலுக்கு டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. என்னைக் கூட்டிப்போக வராதே, நம் வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
இன்னும் அதே விலாசத்தில் இருக்கும் உன் அம்மா,
ராமுத்தாய்